மறுகரையில் நின்றது

தொகொரோசாவாவிலிருந்து போனில் பேசியவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய அப்பா வாடகைக்கு விட்டிருந்த கிடங்கை அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்களாம். உள்ளே ஒரு பழைய அனிமே கம்பெனியின் பெட்டிகள் பதினாலு கிடக்கின்றனவாம். கம்பெனி மூடி முப்பது வருஷம் ஆகிவிட்டதால் கேட்பதற்கு ஆள் இல்லை.

"ஒரு பெட்டி மேல சீட்டு ஒட்டியிருக்குங்க. அதுல மினோவா சயோகோன்னு பேரு போட்டிருக்கு. இந்தத் தொழில்ல அந்தப் பேருல தேடினா நீங்க ஒருத்தர்தான் கிடைச்சீங்க. வந்து எடுத்துக்கறீங்களா, இல்ல குப்பையில போட்டுடட்டுமா?"

"சீட்டுல வேற என்ன எழுதியிருக்கு?" என்று சயோகோ கேட்டாள்.

"'உருவம் தெரியவில்லை. திருத்தி அனுப்பவும்' அப்படின்னு இருக்குங்க."

அந்தக் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இருபத்து மூன்று வயதில், தன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று காட்டிக்கொள்வதற்காகப் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதிய கையெழுத்து.

"போடாதீங்க. சனிக்கிழமை வர்றேன்."

சயோகோவுக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது. ஓகிகுபோவில் ஒரு ஸ்டூடியோவின் மூன்றாவது மாடியில் இடைப்படங்களைச் சரிபார்க்கிறாள். ஒரு பாத்திரம் கையைத் தூக்குகிறது என்றால், தூக்கும் முன்பும் தூக்கிய பின்பும் உள்ள படங்களைப் பெரிய ஓவியர்கள் வரைவார்கள். நடுவில் கை போகும் வழியை வேறு ஆட்கள் வரைவார்கள். அந்த வழி சரியா, எங்கேயாவது இடறுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஐந்து தாளை விரலிடுக்குகளில் பிடித்துச் சரசரவென்று புரட்டினாளென்றால் தப்பு எந்தத் தாளில் என்று சொல்லிவிடுவாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணமே 'அசானாமி' தொடர்தான். எண்பத்து மூன்றில் அது தொலைக்காட்சியில் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. விண்வெளியின் ஆழத்திலிருந்து யாரோ அனுப்பிய ஓர் ஓசையைத் தேடிக்கொண்டு அசானாமி என்ற கப்பல் போகிறது. போகிற வழியிலேயே ஆட்கள் பிறக்கிறார்கள், கிழவர்களாகிறார்கள், சாகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சுக்கானைப் பிடிக்கிறார்கள். கடைசி வாரத்தில் வழிகாட்டிப் பெண் எழுந்து நின்று "கரை தெரிகிறது" என்றாள். அத்தோடு தொடர் முடிந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அந்தக் கரையில் என்ன இருக்கும் என்று எட்டு வருஷம் சண்டை போட்டார்கள்.

எட்டு வருஷம் கழித்துத் தொடர்ச்சி ஆரம்பமானது. பெயர் 'மறுகரை'. வீடியோவில் ஆறு பாகம் வருவதாக இருந்தது, மூன்றுதான் வந்தது. கப்பல் அந்தக் கிரகத்தின் கடலில் இறங்குகிற இடத்தோடு மூன்றாம் பாகம் நிற்கிறது. பணம் போட்டவர்கள் கைவிட்டார்கள், கம்பெனி மூடியது. இயக்குநர் உருஷிபாரா அதற்கு மறு வருஷமே இறந்துபோனார். கரையில் என்ன இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதை எழுத்தில் எழுதியும் வைக்கவில்லை.

அந்தக் கடைசிக் காட்சியை வரையச் சொல்லி உருஷிபாரா ஒரே ஒருவரிடம்தான் கொடுத்திருந்தார். அவர் பெயர் கோமோதா யசுஹேய். பதினோரு மாதம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இடைப்படங்களைக்கூட வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே ஒவ்வொரு தாளாக வரைந்துகொண்டிருந்தார் கோமோதா. சரிபார்க்கும் அம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்தத் தாள்கள் புதுப் பெண்ணான சயோகோவின் மேஜைக்கு வந்தன. திறந்து பார்த்தால் ஒவ்வொரு தாளிலும் வெறும் புள்ளிகள். சில தாளில் நானூறு, சில தாளில் ஆயிரம். அங்கங்கே ஓர் அரிசி நீளத்துக்குச் சின்னக் கோடுகள். முகம் இல்லை, கப்பல் இல்லை, கரை இல்லை. கம்பெனியில் இருந்த சோதனைக் கருவியில் ஒரு தடவைக்கு நூறு தாளுக்கு மேல் ஏறாது. முதல் நூறை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வெயிலில் தூசி மிதப்பதுபோல் புள்ளிகள் மிதந்தன. கோமோதாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டார்கள். சயோகோ சீட்டு எழுதி ஒட்டினாள். ஒரு வாரத்தில் கம்பெனி மூடிவிட்டது. கோமோதா தன் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவர் பெயர் வரவில்லை.

சனிக்கிழமை ஹதனோ ரூரியின் வண்டியில் போனார்கள். ரூரிக்கு முப்பத்தொரு வயது. ஸ்டூடியோவில் தாள்களைக் கணினியில் ஏற்றுவது அவள் பொறுப்பு. வாய் சும்மா இருக்காது, ஆனால் கை அதைவிட வேகம்.

கிடங்கில் எலி நாற்றம் அடித்தது. பதினாலு பெட்டிகளில் பத்து ஈரத்தில் ஊறிக் கூழாகிவிட்டிருந்தன. மேல் தட்டில் இருந்த நாலு மட்டும் பிழைத்திருந்தன. அந்த நாலும் கோமோதாவுடையவை.

ரூரி ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மினோவா-சான், என்ன இது? யாரோ மிளகுத்தூளைக் கொட்டின மாதிரி இருக்கு."

"அப்படித்தான் நானும் அன்னைக்கு நெனச்சேன்."

"இந்தக் கிழவரு பதினோரு மாசம் இதைத்தான் பண்ணினாரா? சம்பளத்தோடயா?"

"எத்தனை தாள் இருக்குன்னு பாரு."

ஆயிரத்து அறுநூற்று நாற்பது இருந்தது. கூடவே இருந்த கால அட்டவணையில் மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது. கடைசி இருநூற்றுச் சொச்சத்தை வரைவதற்குள் கம்பெனி மூடிவிட்டது. மொத்தமும் வெட்டே இல்லாத ஒரே காட்சி, இரண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும்.

சயோகோ நடுவிலிருந்து ஐந்து தாளை உருவி விரலிடுக்கில் வைத்துப் புரட்டினாள். புள்ளிகள் அசைந்தன. மறுபடி புரட்டினாள். இருபத்து மூன்று வயதில் பிடிபடாத ஒன்று இப்போது அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது. எந்தப் புள்ளியும் தன் பாட்டுக்குப் போகவில்லை. கூட்டத்தில் ஒரு பெரிய ஆள் நடந்தால் சுற்றி நிற்கிறவர்கள் விலகுவார்களே, அப்படி அவை எதற்கோ விலகிக்கொண்டிருந்தன.

"ரூரி, இதையெல்லாம் ஏத்தணும்."

"எல்லாத்தையுமா? பழுப்பேறிப் போச்சு, மெஷின்ல விட்டா கிழிஞ்சிடும். ஒவ்வொண்ணா கையில வைக்கணும்."

"சரி, வை."

"கையில வைக்கணும்னு நான் சொன்னது ஒரு பயமுறுத்தலுக்கு," என்றாள் ரூரி. ஆனால் அப்போதே தாள்களை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

மூன்று சனிக்கிழமைகள் ஆயின. மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு எல்லாம் ஏறி முடிந்தன. ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. கீழே கடைத்தெருவில் வறுத்த சர்க்கரைவள்ளி விற்கிற வண்டியின் பாட்டு கேட்டது. ரூரி காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, கையில் அரிசி உருண்டையோடு உட்கார்ந்திருந்தாள். சயோகோ ஓட்டச் சொன்னாள்.

முப்பது விநாடி வரைக்கும் தூசிதான்.

"நல்லா இருக்கு," என்றாள் ரூரி மென்றுகொண்டே. "தூக்கம் வருது."

அப்புறம் அது அசைந்தது.

எது என்று கேட்டால் சயோகோவால் சொல்லியிருக்க முடியாது. திரையில் புதிதாக ஒரு கோடுகூட வரவில்லை. அதே புள்ளிகள்தான். ஆனால் அவற்றின் நடுவே, அடிவானத்தைவிட உயரமாக, ஒரு முதுகு இருந்தது. அது இவ்வளவு நேரமும் அங்கேதான் குனிந்து நின்றுகொண்டிருந்தது. அசையாமல் நின்றதால் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது கை போன்ற ஒன்றைக் கடலுக்குள் விட்டு மெல்லத் துழாவியது. தண்ணீரின் மினுக்கமும் தெறித்த துளிகளும் பின்னால் இருந்த நட்சத்திரங்களும் அதன் உடம்பைச் சுற்றிக்கொண்டு விலகின. உடம்பு இருந்த இடத்தில் எதுவுமே வரையப்படவில்லை. அது அசைவதற்கு மற்றதெல்லாம் இடம்விட்டதை வைத்துத்தான் அது இருப்பதே தெரிந்தது.

ரூரி வெடுக்கென்று பொத்தானைத் தட்டி நிறுத்தினாள். முதுகு இல்லை. வெறும் புள்ளிகள். மறுபடி ஓட்டினாள். இருந்தது. நிறுத்தினாள். இல்லை.

"நிறுத்தினா காணோம்," என்றாள். குரல் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தது. "மினோவா-சான், ஓடினா இருக்கு, நிறுத்தினா காணோம்."

"நிறுத்தாதே. ஓடட்டும்."

கடைசிப் புள்ளி வரை ஓடியது. அந்தப் பெரியது நிமிர ஆரம்பித்தது. நிமிர்கிற பாதியில் தாள்கள் தீர்ந்துவிட்டன. சயோகோ திரும்பிப் பார்த்தபோது ரூரி எழுந்து, கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நேராக நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கோமோதா ஓமேயில் ஆற்றோரமாக ஒரு வீட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி மசுயோ. குள்ளமான, சுறுசுறுப்பான அம்மாள். வாசல் இறவாணத்தில் தோலுரித்த சீமைப்பனிச்சைப் பழங்கள் நூலில் காய்ந்துகொண்டிருந்தன.

"படக்கம்பெனியா? அவரு அதையெல்லாம் விட்டு முப்பது வருஷம் ஆச்சேம்மா. இப்ப முள்ளங்கிதான் அவருக்குக் கம்பெனி. வாங்க, உள்ள வாங்க."

கோமோதாவுக்கு எழுபத்தெட்டு வயது. கணப்பு மேஜைக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி வணக்கம் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள் மசுயோ. "அவருக்குக் கண்ணு நடுவுல பார்வை போயிடுச்சு. ஓரத்துல மட்டும் தெரியுமாம். நேரா பாத்தா நீங்க தெரிய மாட்டீங்க."

"நீயும் கொஞ்சம் நகரு," என்றார் கோமோதா. "சும்மா நின்னா எங்க இருக்கேன்னே தெரியல."

"கல்யாணம் ஆனதுலேருந்து நகர்ந்துகிட்டேதான் இருக்கேன். இப்பத்தான் உங்களுக்குக் கண்ணுல பட்டேனாக்கும்."

சயோகோ தரையில் கைகளை ஊன்றி, நெற்றி பாயில் படும்படி குனிந்தாள். அந்தச் சீட்டை எழுதியது தான்தான் என்று சொன்னாள். இத்தனை வருஷம் அதைச் சொல்ல வராததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள்.

கிழவர் கொஞ்ச நேரம் ஞாபகப்படுத்திப் பார்த்தார். "ஓ, 'உருவம் தெரியவில்லை'யா? அதுக்கு எதுக்கு மன்னிப்பு? நீ எழுதினது சரிதானே. எந்தத் தாள்லயும் உருவம் கிடையாது. நான் வைக்கவே இல்ல."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"உருஷிபாராகிட்ட சொன்னேன். மொத்தத்தையும் படம் புடிச்சுப் பாருடான்னேன். ஒரு வாரம் பொறுன்னான். ஒரு வாரத்துல படம் புடிக்கக் கேமரா இல்ல, கம்பெனியும் இல்ல."

"அதனாலதான் விட்டுட்டீங்களா?"

"அதுக்கப்புறம் வேற எதை வரையறது?" என்றார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்தவர் இலையை மடிப்பதுபோல் சொன்னார்.

ரூரி திரையை மேஜைமேல் வைத்தாள். மசுயோ தேநீரோடு வந்து உட்கார்ந்தாள். படம் ஓட ஆரம்பித்ததும் கோமோதா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க இந்த மனுஷரை," என்றாள் மசுயோ. "அவ்வளவு தூரத்துலேருந்து தூக்கிட்டு வந்திருக்காங்க, இவரு ஜன்னலைப் பாக்கறாரு."

"சும்மா இரு. பாத்துட்டுத்தான் இருக்கேன்."

முப்பதாவது விநாடி தாண்டியது. அது அசைந்தபோது மசுயோவின் கையிலிருந்த கோப்பை மேஜைமேல் தானாக இறங்கியது. கோமோதாவின் முகம் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தது. அசையாத எதையும் காட்டாத அந்தக் கண்களின் ஓரத்தில், அசைவு மட்டுமே உடம்பாக உள்ள அந்த ஒன்று முழுசாக வந்து நின்றிருக்க வேண்டும். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. படம் முடிந்ததும், "இன்னொரு தடவை," என்றார். இன்னொரு தடவை ஓடியது. "இன்னொரு தடவை."

நாலாவது தடவைக்கு அப்புறம் சொன்னார். "இவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாது."

"நீங்கதானே வரைஞ்சீங்க?" என்றாள் ரூரி.

"வரைஞ்சேன். பாத்ததில்ல. இன்னைக்குத்தான் பாக்கறேன்." அவர் விரல்கள் மேஜைமேல் எதையோ தேடின. "அது அங்க நிக்குதுன்னு தெரியும். அது கையை அசைச்சா இந்தப் புள்ளி எங்க போகும், அந்தப் புள்ளி எங்க போகும், அதை மட்டும்தான் பாத்தேன். ஒரு நாளைக்கு அஞ்சு தாள். அதுக்கு மேல முடியாது, பயமா இருக்கும்."

மசுயோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தானா? பதினோரு மாசம் கூப்பிட்டா சாப்பிட வராம, பேசினா காதுல வாங்காம... நான் வேற எவளோ இருக்கான்னுல்ல நெனச்சேன்."

"இருந்தாளே," என்றார் கோமோதா. "இதோ நிக்கறா பாரு."

மசுயோ சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிவு எப்படி என்று சயோகோ கேட்டாள். உருஷிபாரா சொன்னது ஒரே ஒரு வரி என்றார் கிழவர். அது நிமிர்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம், எதை என்று சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. "அங்க வந்து சேந்தா நமக்கே தெரியும்னான். நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"மிச்சத்தை நான் வரையட்டுமா?"

கோமோதா முகத்தைத் திருப்பி அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். "நீயா? ரெண்டு படத்துக்கு நடுவுல உள்ளதைப் பாத்துப் பாத்து வயசான ஆளு நீ. இங்க அந்தப் பக்கம் படமே கிடையாது. எதுக்கு நடுவுல வரைவே?"

"தெரியல," என்றாள் சயோகோ.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, "சரி, வரைஞ்சு கொண்டா," என்றார்.

முதல் இருபது தாளை எடுத்துக்கொண்டு போனபோது, ஓட்டிய மறு விநாடியே "செத்துப்போச்சு," என்றார். உண்மைதான். அவள் தாள் ஆரம்பித்த இடத்தில் அந்தப் பெரியது மறைந்து, புள்ளிகள் வெறும் புள்ளிகளாகச் சிதறின. திரும்பப் போய் வரைந்தாள். "செத்துப்போச்சு." மூன்றாவது தடவை ரூரியே பக்கத்தில் இருந்து, "செத்துப்போச்சு, மினோவா-சான்," என்று கிழவரின் குரலிலேயே சொன்னாள்.

சயோகோ வரைவதை நிறுத்திவிட்டாள். காலையில் வேலைக்கு முன் ஒரு மணி நேரம் பழைய ஆயிரத்து அறுநூற்று நாற்பதை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான், எங்கே இடறுகிறது என்று பார்ப்பது. ஆறு வாரம் பார்த்த பிறகு, இடறல் இல்லாத ஒன்று பிடிபட்டது. தொண்ணூறு தாளுக்கு ஒரு தடவை எல்லாப் புள்ளிகளும் ஒரு பென்சில் கோட்டின் அகலத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, மறுபடி உள்ளே வந்தன. அளந்து பார்த்தாள். முதல் தாளிலிருந்து கடைசி வரை பதினெட்டுத் தடவை. தூசி என்று எல்லோரும் நினைத்த அந்த முதல் நூறு தாளிலும் ஒரு தடவை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓமேக்குப் போய்ச் சொன்னாள். "அது மூச்சு விடுது, கோமோதா-சான். நான் வரைஞ்சதுல மூச்சு இல்ல. அதான் செத்துப்போச்சு."

கிழவர் முகத்தைத் திருப்பி அவளை ஓரக்கண்ணுக்குக் கொண்டுவந்தார். பிறகு, "மூச்சா?" என்றார். "நான் மூச்சு எதுவும் வைக்கலியே."

"தொண்ணூறு தாளுக்கு ஒரு தடவை. கணக்கா வருது."

"தொண்ணூறு தாள் வரைய எனக்குப் பதினெட்டு நாள் ஆகும். பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை நான் என்ன பண்ணியிருக்க முடியும்? எனக்குத் தெரியாது மினோவா. நிஜமாவே தெரியாது."

மசுயோ எழுந்துபோய், திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வரைந்தது சாகவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தாள், சில நாள் ஒன்று. எங்கே திரும்பும் என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், அந்த மூச்சு அடுத்து எங்கே தள்ளுகிறது என்று மட்டும் பார்த்து வைத்தாள். அவள் கைக்குக் கீழே அது நிமிர்ந்துகொண்டே போனது. சில காலை வேளைகளில் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து படிக்கட்டு வரை போய் நின்றுவிட்டு வருவாள். தாள் ஆயிரத்து எழுநூற்று எண்பது வந்தபோது, இனிமேல் ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று கோமோதா சொல்லிவிட்டார். "நான் பாக்காமதான் வரைஞ்சேன். நீயும் பாக்காமலே வரை. எல்லாரும் சேந்து பாப்போம்."

ஒன்றரை வருஷம் கழித்து, மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஓகிகுபோ சமூகக் கூடத்தின் இரண்டாம் மாடியில் நாற்காலிகள் போட்டார்கள். 'மறுகரை'யில் வேலை பார்த்து உயிரோடு இருக்கிறவர்களும் அவர்கள் கூட்டி வந்தவர்களுமாக முப்பத்தெட்டுப் பேர். நிறம் தீட்டியவர்கள், பின்னணி வரைந்தவர்கள், ஒலி சேர்த்தவர். வழிகாட்டிப் பெண்ணுக்குக் குரல் கொடுத்த அம்மாளும் கைத்தடியோடு வந்திருந்தாள். "நான் 'கரை தெரிகிறது'ன்னு சொல்லி நாப்பது வருஷம் ஆச்சு," என்று வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டே சொன்னாள். "அப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியற மாதிரி சொல்லுங்கன்னாங்க, சொன்னேன்."

திரைச்சீலைகளை இழுத்து விட்டார்கள். தொடர் முழுமையடையப் போவதில்லை, நாலு, ஐந்து, ஆறாம் பாகங்கள் இனி எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டரை நிமிஷம்தான். ஒலி கிடையாது. ரூரி ஓட்டினாள்.

தூசி மிதந்தது. யாரோ இருமினார்கள். பிறகு அது அசைந்தது, அதற்குமேல் இருமல் இல்லை.

முப்பத்தெட்டுப் பேரும் மூச்சு விடுவது தனக்குக் கேட்பதாக சயோகோவுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அது ஒரே மூச்சாகிவிட்டது. அந்தப் பெரியது தண்ணீரிலிருந்து கையை எடுத்தது. நிமிர்ந்தது. நிமிர நிமிர நட்சத்திரங்கள் ஒதுங்கின. பழைய தாள்கள் முடிந்து தன் தாள்கள் ஆரம்பித்த இடத்தை சயோகோ தேடினாள், கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டிப் பார்க்காத பகுதி வந்தது. தலை என்று சொல்லலாம், அது மெல்லத் திரும்பத் தொடங்கியது. கீழே ஒரு புள்ளியாக மின்னிய கப்பலின் விளக்கைக் கடந்தது. கப்பலைப் பார்க்கப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், முன்னூறு வருஷம் அதைத் தேடி வந்தவர்கள் அதில்தானே இருந்தார்கள். அது கப்பலில் நிற்கவில்லை. இன்னும் திரும்பி, நேராகக் கூடத்தைப் பார்த்து, உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்குமேல் பார்வையை உயர்த்தி, அவர்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. பார்த்ததும் புள்ளிகள் எல்லாம் ஒரு கணம் உள்ளே ஒடுங்கின. அது மூச்சைப் பிடித்துக்கொண்டது.

முதலில் திரும்பியவர் கோமோதா. அடுத்து மசுயோ. அப்புறம் நாற்காலிகள் கரகரக்க, முப்பத்தெட்டுப் பேரும் ஒருசேரத் திரும்பி, தங்களுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

சாத்திய கதவு இருந்தது. அதன் பக்கத்தில் தீயணைக்கும் சிவப்புக் குப்பி. மடித்து அடுக்கிய நாற்காலிகள். அவ்வளவுதான். ஆனால் ஒருவராலும் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. குரல் கொடுத்த அம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்து, கதவுக்கு நேராக நின்றாள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கடைசித் தாள்கள் யாரும் பார்க்காமல் ஓடி முடிந்தன.

"என்னத்தைப் பாக்குது அது?" என்று மசுயோ கிசுகிசுத்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றார் கோமோதா. அவர் முகத்தில் பையன் போல ஒரு சந்தோஷம். "மினோவா, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லது," என்றார். "ரொம்ப நல்லது. இன்னொரு தடவை போடச் சொல்லு."

அன்று பிற்பகல் மூன்று தடவை ஓட்டினார்கள். இரண்டாவது தடவை எல்லோருக்கும் தெரியும், இருந்தும் திரும்பினார்கள். மூன்றாவது தடவை, கடைசித் தாள்களையாவது பார்த்துவிட வேண்டும், திரும்பவே கூடாது என்று சயோகோ நாற்காலியின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது நிமிர்ந்து, கப்பலைக் கடந்து, அவள் தலைக்குமேல் பார்த்தது.

அவள் திரும்பினாள்.